லேடீஸ் சைடு

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கே ராத்திரி ஆகிவிடும் ஓர் இடம் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அஃப்ஷா சிரித்திருப்பாள். அவள் தெருப் பையன் காஷிஃப் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினான். பாலாற்றுப் பக்கம் பல வருஷமாக மூடிக்கிடக்கும் ஒரு டேனரி. தோல் ஊறவைக்கும் தொட்டிகளைப் பலகை போட்டு மூடி, ஜன்னல்களில் கறுப்பு ரெக்ஸினை ஆணி அடித்து, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தான். கதவைச் சாத்தினால் நம் கையே நமக்குத் தெரியாது.

சென்னையிலும் பெங்களூரிலும் இந்த டான்ஸ் பார்ட்டிக் கூத்தெல்லாம் ராத்திரி பத்துக்கு மேல். இங்கே அது வேகுமா? பொழுது சாய்ந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்குள் பெண் வீடு திரும்பவில்லை என்றால் தெருவே வாசலில் வந்து நிற்கும். இந்து வீடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளும் உள்ளே இருந்தாக வேண்டும். அதனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ராத்திரியைப் பகலிலேயே செய்து கொடுத்தான் காஷிஃப். பெங்களூரில் மூன்று வருஷம் சுற்றிவிட்டு வந்தவன் வேறு என்னத்தைக் கற்றுக்கொண்டு வருவான்! இரண்டு மணிக்கு ஆரம்பம், ஐந்தே முக்காலுக்கு முடிவு. டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், தோழி வீட்டு நிக்காஹ் என்று வீட்டில் ஆயிரம் சாக்கு.

"லேடீஸ் சைடுக்கு நம்பிக்கையான ஆள் ஒண்ணு வேணும் ஆப்பா," என்றான் காஷிஃப். ஆப்பா என்றால் அக்கா. "பொண்ணுங்க டிரெஸ் மாத்துற ரூம், பாத்ரூம், அவ்ளோதான். நீங்க உக்காந்திருந்தா அதுங்களுக்கும் ஒரு தைரியம்."

அஃப்ஷா தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் நேராகப் பதில் வராது. முப்பத்தெட்டு வயது. பதினேழு வயதிலிருந்து ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிற வேலை. வாணியம்பாடியில் கட்டிக் கொடுத்தார்கள். கட்டியவன் வேலை தேடி ஹைதராபாத் போனான், போனவன் போனவன்தான். குழந்தை இல்லை. வாரத்தில் ஆறு நாள் மெஷின் சத்தத்தில் ஓடிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அதுதான் அவளைக் கொன்றது. ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கூப்பிட்டவன் சைத்தானாக இருந்தாலும் அன்றைக்கு அவள் போயிருப்பாள்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்து தௌபா செய்து, பாவமன்னிப்புக் கேட்டு அழுதாள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். தண்ணீர் மாதிரி குடிக்கிறதுகள். அதுகூடப் பரவாயில்லை, 'மிட்டாய்' என்று ஒரு மாத்திரையைக் கைமாற்றுகிறதுகள். அதைப் போட்டுக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்காமல் குதிக்கிறதுகள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு சொட்டுக் காற்று கிடையாது. நினைவில்லாத ஒருத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "என் தங்கச்சிதான், நான் பாத்துக்கறேன்" என்று பின்பக்க ரூமுக்கு நடந்தான் ஒருவன். அஃப்ஷா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "உன் தங்கச்சி பேரு இன்னாடா?" என்று கேட்டாள். அவனுக்குப் பேர் தெரியவில்லை. துடைப்பக்கட்டை அவன் முதுகில் உடைந்தது.

இரண்டாம் வாரம் அழவில்லை. மூன்றாம் வாரம் வீட்டிலிருந்தே எலுமிச்சம்பழமும் துண்டும் எடுத்துப்போனாள். வாந்தி எடுத்தவளின் முதுகைத் தடவினாள், அழுதவளைத் திட்டித் தேற்றினாள். பெண்கள் கழற்றி மாட்டிய புர்காக்கள் எல்லாம் ஒரே கறுப்பு. பள்ளிகொண்டாவிலிருந்து வரும் நந்தினிகூட அடையாளம் தெரியாமல் இருக்க ஒரு புர்காவில்தான் வந்தாள். எது யாருடையது என்று கடைசியில் ஒரே அடிதடி. அஃப்ஷா கம்பெனியிலிருந்து கலர் நூல் கொண்டுவந்து ஒவ்வொன்றின் கையிலும் ஒரு தையல் போட்டுவிட்டாள். "காலா, காலா" என்று பெண்கள் அவளைச் சுற்றிவந்தார்கள். காலா என்றால் சித்தி, அம்மாவின் தங்கை. இத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் தன்னைக் கூப்பிட அவள் எங்கே கேட்டிருக்கிறாள்? பிடித்துப்போயிற்று. மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே பிடித்துப்போயிற்று.

ரம்ஜான் மாதம் முழுக்கக் கதவு பூட்டியிருந்தது. ஈத் முடிந்த அடுத்த ஞாயிறு திரும்பத் திறந்தார்கள். அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த புர்காக்காரி முகத்திரையை எடுத்தாள். இரம்.

இரம், அக்தரி பேகத்தின் மகள். அக்தரி கம்பெனியில் பக்கத்து மெஷின். இருபது வருஷமாக இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து தைக்கிறார்கள். புருஷன் செத்தபிறகு இந்த ஒரே பெண்ணைப் படிக்கவைக்க அக்தரி ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கண்ணே மங்கிப்போயிருந்தாள். இரம் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவளே அஃப்ஷாதான்.

"நீ இன்னாடி இங்க?"

"நீங்க இன்னா இங்க, காலா?" என்றாள் அவள். சாமர்த்தியக்காரி. அப்புறம் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மிகிட்ட சொல்லாதீங்க காலா. சொன்னீங்கன்னா படிப்ப நிறுத்திடுவாங்க. சும்மா ஆடிட்டுப் போய்டுவேன், வேற ஒண்ணும் தொடமாட்டேன். உங்க மேல சத்தியமா."

அன்றிலிருந்து அஃப்ஷாவுக்கு ஒரே பேஜார். திங்கள்கிழமை மெஷினில் உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பாள். "இரம் நேத்து ஸ்பெஷல் கிளாஸ் போய்ட்டு வந்து அப்படியே தூங்கிட்டா. பாவம், படிப்பு ஜாஸ்தி," என்பாள் அக்தரி. அஃப்ஷாவின் வாய் மூடிக்கொள்ளும். சொன்னால் பெண்ணின் படிப்பு போகும். சொன்னால் நீ அங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி வரும். சொன்னால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையும் போகும். மூன்றாவதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவே இல்லை. நான் கூடவே இருக்கிறேனே, என் கண் பார்வையில் இருக்கிறவளுக்கு என்ன வந்துவிடும் என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். நாலாவது வாரம் இரம் பல்லைக் கடித்துக்கொண்டு, கண் விரிய வந்து நின்றாள். மிட்டாய். அஃப்ஷா கன்னத்தில் ஒன்று வைத்தாள். இந்த வாரம் கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவும் செய்தாள். அந்த வாரமும் ஓடிப்போயிற்று.

மே மாதம், அக்னி நட்சத்திரம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது, உள்ளே எழுபது பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு லேடீஸ் சைடில் அஃப்ஷாவுக்கு நிற்க நேரமில்லை. ஒருத்தி ஓயாமல் வாந்தி எடுத்தாள், இன்னொருத்தி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். ஐந்து மணி சுமாருக்கு இரம் தள்ளாடி வந்து மூலையில் பலகைமேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். "தலை சுத்துது காலா." நெற்றியைத் தொட்டால் அடுப்பு மாதிரி கொதித்தது. அங்கே எல்லோருக்கும் அப்படித்தான் கொதித்தது. ரெண்டு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு, வாந்தி எடுத்தவளிடம் ஓடினாள்.

அப்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த டேனரிக்குள் நடக்காத பாவம் கிடையாது. ஆனால் பாங்குச் சத்தம் கேட்டதும் காஷிஃப் கையைத் தூக்குவான், பாட்டு நின்றுவிடும். பக்கத்துத் தெருக்காரன் பாட்டைக் கேட்டுவிடுவான் என்ற பயமா, உள்ளூர ஒட்டிக்கொண்டிருக்கிற பக்தியா, அது அந்த அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஒரு பள்ளிவாசல் முடித்தால் அடுத்தது ஆரம்பிக்கும், எட்டு நிமிஷம் போல ஆகும். அத்தனை நேரமும் எழுபது பேரும் சிலையாக நிற்பார்கள். கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான் ஒருவன். இந்துப் பையன்களும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் தலையை மூடிக்கொள்வார்கள்.

அஃப்ஷா தன் தலையை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். இரம் அப்படியே சாய்ந்திருந்தாள், துப்பட்டா தோளில் சரிந்து கிடந்தது. "அஸான் சொல்றாங்க, தலைய மூடு பேட்டி," என்று மகளைக் கூப்பிடுவது போல மெதுவாகச் சொன்னாள். இரம் அசையவில்லை. தூங்கிவிட்டாளாக்கும் என்று அஃப்ஷாவே போய்த் துப்பட்டாவை எடுத்து, முடி வெளியே தெரியாமல், நெற்றிக்குக் கீழே முகம் வரைக்கும் இழுத்து ஒழுங்காக மூடிவிட்டாள். பெற்றவள் வளர்ப்பு நல்ல வளர்ப்புதான், இவள் திருந்திவிடுவாள் என்று ஒரு நினைப்புகூட அவள் மனதில் ஓடியது.

பாங்கு முடிந்து பாட்டு திரும்ப அதிர்ந்தது. தலையை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணை யார் தொடுவார்கள்? துவா கேட்டுப் பிரார்த்தனை செய்கிறாள் போல என்று நந்தினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள். இன்னொருத்தி அவளுக்காகத் தன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முக்கால் மணி நேரம். அத்தனை பேர் அந்த மூலையைக் கடந்து போனார்கள். ஐயோ, ஒருத்தியாவது மரியாதை கெட்டவளாக இருந்திருக்கக் கூடாதா!

ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆணியில் மஞ்சள் நூல் தையல் போட்ட ஒரு புர்கா மட்டும் தொங்கியது. அஃப்ஷா மூலைக்கு ஓடி, தான் மூடிய துப்பட்டாவைத் தானே விலக்கினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது.

அவள் போட்ட கூச்சலில் காஷிஃப் ஓடிவந்தான். பார்த்ததும் அவன் முதலில் செய்த காரியம் கதவைச் சாத்தியதுதான்.

"ஆப்பா, சத்தம் போடாதீங்க. எல்லாரும் போய்டட்டும். அப்புறம் புர்காவப் போட்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில உக்கார வச்சிட்டு வந்துடலாம். யாராவது பாத்துத் தூக்கிட்டுப் போவாங்க."

"நீ மனுஷன் வயித்துல பொறந்தவனா?" அஃப்ஷா இரமைத் தோளில் போட்டுக்கொண்டாள். "கதவத் தொறடா. இல்லன்னா இங்கேயே நின்னு ஊரக் கூட்டுவேன்."

திறந்துவிட்டான். ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் மடியில் கிடந்தவளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை மணிக்கு மயங்கினா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அஸர் அஸானுக்கு."

டாக்டரம்மா விழித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜோதி இந்த ஊர்க்காரி. "அஞ்சு மணி, மேடம்," என்றாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பவே தூக்கிட்டு வந்திருக்கலாமேம்மா," என்றார். அதற்குமேல் திட்டவில்லை. மார்பை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள், குழாய் விட்டார்கள். ஆறரைக்கு எல்லாவற்றையும் கழற்றினார்கள். வெளியே மக்ரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அஃப்ஷா தலையை மூடிக்கொள்ளவில்லை.

ஜோதி ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தாள். பேர், வயது, விலாசம் எல்லாம் கேட்டாள். எதையும் மறைக்காமல் சொன்னாள் அஃப்ஷா. "கூட்டிட்டு வந்தவங்க, நீங்க யாரு?" என்றாள் ஜோதி. "சித்தி," என்றாள். ஜோதி எழுதிக்கொண்டாள்.

அக்தரி வந்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழுகை வரவில்லை. அப்புறம்தான் சுவரோரம் நின்ற அஃப்ஷாவைப் பார்த்தாள். "நீ எப்படி இங்க?"

அஃப்ஷா சொன்னாள். டேனரியைச் சொன்னாள், மிட்டாயைச் சொன்னாள், துப்பட்டாவை இழுத்து மூடியதையும் சொன்னாள்.

முடிந்ததும் அக்தரி ஒன்றே ஒன்று கேட்டாள். "அவ அங்க போறது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"ஈத் முடிஞ்ச ஞாயித்துக்கெழமைலேர்ந்து, ஆப்பா."

அக்தரி விரலை மடக்கி வாரங்களை எண்ணினாள். ஏழாவது விரலில் கை நின்றது.

ஜோதி திரும்ப வந்தாள், பேனாவும் ரிஜிஸ்டருமாக. "போலீசுக்குத் தகவல் போகணும்மா. அதுக்கு ஒரு கையெழுத்து வேணும். நீங்க அம்மா. இவங்க உங்க தங்கச்சிதானே? ரெண்டு பேர்ல யார் போடறீங்க?"

"எனக்குத் தங்கச்சி யாரும் கெடையாதும்மா," என்றாள் அக்தரி.

ஜோதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, அதன்மேல் 'தெரிந்தவர்' என்று எழுதினாள்.