எதிர் வீட்டில் இரண்டாவது விடியல்

ஆர்க்கிடெக்ட் வேலையில் முதல் சில வருடங்கள், வேறொருவர் மனதில் இருக்கும் கட்டடத்தை நம் கையால் வரைவதிலேயே போய்விடும். கல்லூரியில் இதை யாரும் சொல்வதில்லை. திருப்பூரின் பழைய கடைவீதிக்குப் பின்னால், ஓட்டு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஒரு தெருவில், கண்ணாடியால் மூடிய அடுக்குமாடிக் குடியிருப்பை வரையும் வேலை எனக்கு வந்தது. என்னைப் போல வீட்டுக்கு முதல் பட்டதாரியாக, வேலை நிரந்தரமாகாமல் தினமும் பஸ் ஏறுகிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அம்மா பார்த்த படம்

கணினியில் செய்த படத்தை முதலில் அம்மாவிடம்தான் காட்டினேன். அம்மா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இத்தனை வருடமாகியும் பேச்சு மாறவில்லை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. உள்ளே சோபா, வெளியே மேகம். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“எல்லாம் சரிதாம்ட்டி. இதுக்குள்ள எங்க நின்னு சேலை மாத்துறது?”

கையளவு கண்ணாடி

கட்டடத்தின் முதலாளி பனியன் ஏற்றுமதி செய்கிறவர். எங்கள் சீனியர் ஏசி அறையில் படங்களை ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்க, முதலாளியோ மேஜையில் கிடந்த மாதிரிக் கண்ணாடித் துண்டை எடுத்து, துணியைப் பார்ப்பது போலக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் ஒரு உருப்படியைத் தைத்து அனுப்பி, வாங்குகிறவர் சரி சொன்ன பிறகுதான் மொத்த ஆர்டரைத் தொடுவார்கள். அந்தப் பழக்கம் வீடு கட்டும்போது மட்டும் விட்டுப்போகுமா?

“கையளவுத் துண்டுல என்னங்க தெரியும்? நெசமான சைஸுல மாட்டிக் காட்டுங்க. சாம்பிள் ஓகே ஆகாம நான் பல்க் ஓட்டறதில்லீங்க.”

சாயங்காலம் வந்த வெயில்

காலி மனையில் சாரம் கட்டி, உயரத்தில் நாலு பெரிய கண்ணாடிகளை மேற்குப் பார்த்து மாட்டினோம். சீனியர் முதலாளியைக் காலையில் அழைத்து வந்தார். அந்நேரம் மேற்குப் பக்கம் குளுகுளுவென்றிருக்கும். கண்ணாடியில் வானம் அழகாகத் தெரிந்தது. முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். கையெழுத்து மட்டும் பாக்கி.

சாயங்காலம் போட்டோ எடுக்க நான் தனியாகப் போனேன். மேற்கே இறங்கிய வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எதிர் வீட்டுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கிழக்குப் பார்த்த வாசல் வேண்டுமென்று அந்தக் காலத்தில் ஆசையாகக் கட்டிய வீடு. முன்னறையில் ஒருவர் முகத்தைப் போர்வையால் மூடிப் புரண்டுகொண்டிருந்தார். ராத்திரி ஷிப்ட் ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. என் அப்பாவும் அந்த ஷிப்ட்தான், பகலில் நாங்கள் தட்டுக்கூட ஓசையில்லாமல் வைப்போம். அவர் மனைவி ஈஸ்வரி அக்கா வாசலில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“ஏனுங்க கண்ணு, எங்க ஊட்டுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ விடியுதே, உங்க வேலைதானா?”

சீனியரின் பதில்

நாலு கண்ணாடிக்கே இப்படி என்றால் முழுக் கட்டடமும் எழும்பினால் அந்தத் தெருவே தூங்காது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் சொன்னேன். சீனியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கிளையன்ட் யாரு, எதிர் வீடா? உனக்கு வேலை வேணுமா, எதிர் வீடு வேணுமா?”

நல்ல நாற்காலி

வேலை வேண்டும்தான். இருந்தாலும் முதலாளிக்கு நானே போன் செய்தேன். “சாம்பிளைச் சாயங்கால வெளிச்சத்துலயும் ஒரு தடவை பாத்துடுங்க சார்” என்றேன். துணியின் நிறத்தை இரண்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிற மனிதர். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலமே வந்தார்.

வந்தவரை ஈஸ்வரி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாங்க வாங்க, ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போங்க.” வீட்டிலிருந்த ஒரே கை வைத்த நாற்காலியைத் துடைத்து, வாசலுக்கு நேராகப் போட்டார். வெயில் முழுதும் அங்கேதான் விழுந்தது. கொடுத்த இடத்தை நகர்த்துவது மரியாதையா? முதலாளி கண்ணை இடுக்கிக்கொண்டு, நெற்றி வியர்க்க, அசையாமல் உட்கார்ந்திருந்தார். மோர் வருவதாகத் தெரியவில்லை.

படுத்திருந்தவர் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். கண் ரெண்டும் சிவந்திருந்தன. “ஒடம்பு சரியில்லீங்களா?” என்று முதலாளி கேட்டார்.

“இல்லீங்க, தூக்கம் பத்தலீங்க. ராத்திரி நிட்டிங் மிஷின்ல நிக்கறனுங்க. உங்க துணிதானுங்க இப்ப ஓடுது.”

மோர் வந்தது. முதலாளி ஒரே மூச்சில் குடித்தார். தெருவுக்கு வந்து கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார், பார்க்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“அந்தாளு தூங்கி வழிஞ்சா என் துணியில ஓட்டை விழுகுமுங்க. மேக்கால கண்ணாடி வேண்டாம், சாம்பிள் ரிஜெக்ட்டுன்னு உங்க சார்கிட்டச் சொல்லிருங்க.”

மறுபடி வரைந்தது

சீனியரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். மேற்குப் பக்கம் இப்போது செங்கல் சுவர், ஆழமான பால்கனி. மொத்தத்தையும் மறுபடி வரைந்தது நான்தான். வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. புதுப் படங்களைப் புரட்டி முடித்த சீனியர், பென்சிலைக் கீழே வைத்தார்.

“அடுத்த தடவை உன் மனசாட்சி உறுத்துறதா இருந்தா, மொத்தத்தையும் வரையறதுக்கு முன்னாடியே உறுத்தச் சொல்லும்மா.”

படத்தில் தெற்குப் பக்கக் கண்ணாடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்பதால், ஐந்து வருடம் கட்டடக்கலை படித்துவிட்டு, அந்தப் பக்கத்து வீடுகளில் யார் யார் எந்த ஷிப்ட் என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.