பிளாஸ்க்குகள் அமர்ந்த மாடங்கள்

மில்டன் பெருத்தி ஒரு நாற்காலி செய்தால் அதில் ஒரு மணி நேரம் தானே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். மருந்துக்கடை அலமாரி என்றால், தலைவலி வந்தவரைப் போல அதன் முன் நின்று மாத்திரை தேடிப் பார்ப்பார். பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மீதியை மொண்டேவிடியோ துறைமுகத்துத் தச்சுப் பட்டறைகளில் கற்றுக்கொண்டார். நான் அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் திண்டு தைத்தவன். அவர் செய்த வேலைகளிலெல்லாம் படித்த வேறு யாரோ ஒருவரின் பெயர்தான் இருந்தது.

கம்பளிக் கூட்டுறவு அலுவலகம்தான் அவர் பெயரில் வந்த முதல் வேலை. தலைவி மிர்த்தா ஒலசாபால் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: ஊழியர் பதினொரு பேர், எல்லோருக்கும் முதுகுவலி, எல்லோருக்கும் எரிச்சல். அலுவலகம் அழகாக வேண்டும், அதற்காகப் புதிதாக ஒரு மரமும் வெட்டக் கூடாது, உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு மனம் லேசாக வேண்டும். சிலியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பார்ப்பார். அவர் சான்று தந்தால், வடிவமைத்தவரின் பெயரைப் பித்தளையில் பொறித்துப் பதிப்பார்கள்.

"பேரை இப்பவே தெளிவா எழுதிக் குடுத்துடுங்க, தோன் மில்டன். பித்தளைல அழிச்சு எழுத முடியாது."

எழுதிக் கொடுத்தார். 'தோன்' என்பது எங்கள் ஊர் 'ஐயா'. திரும்பி வரும் வழியில் இரண்டு முறை நின்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

இடித்த கம்பளிக் கிடங்கு ஒன்றின் உத்திரங்களை வாங்கி இழைத்தோம். விலைபோகாத கழிவுக் கம்பளியை அழுத்திச் சுவர்களுக்குப் போர்த்தினோம். தட்டச்சுச் சத்தம் அடங்கிப்போனது. ஜன்னலை மறைத்திருந்த அலமாரிகளை நகர்த்தியதும் நதியின் வெளிச்சம் மேசைகள் வரை வந்தது. சுவரோரமாகப் பதினொரு அமைதி மாடங்கள், ஆளுக்கு ஒன்று. உள்ளே போய் உட்கார்ந்தால் மேலே பச்சை விளக்கு எரியும். எரிந்தால் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று மிர்த்தா உத்தரவு போட்டிருந்தார். ஊழியர்களிலேயே ஒடிசலான கிளாடிஸ் உட்கார்ந்தாலும் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக மில்டன் இருக்கைகளின் அடியில் விளக்கோடு இணைத்திருந்த சுருள்வில்லை மிகவும் இளக்கியிருந்தார்.

ஒவ்வொருவரையும் மூன்று முறை அளந்தார். அளக்கும்போதெல்லாம், "பிளாஸ்க்கைக் கீழ வைப்பா, துல்லியமா எடுக்கணும்" என்பார்.

எங்கள் ஊரில் பிளாஸ்க் இடது கையோடு பிறந்தது. தேநீர் போலக் குடிக்கும் மாத்தே இலை நிரப்பிய சுரைக்குடுவையைக் கையில் பிடித்து, வெந்நீர் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் தெருவில் நடக்கிறோம், பேருந்தில் ஏறுகிறோம், பிள்ளையைத் தூக்குகிறோம். அளவு நாடாவைப் பிடிக்க இரண்டு கை வேண்டுமென்று மில்டனும் தன்னுடையதைக் கீழே வைத்திருந்தார். என்னுடையதும் கீழேதான் இருந்தது.

திறப்பு நாளன்று கணக்கர் வில்ஸன் முதல் ஆளாக மாடத்துக்குள் நுழைந்தார்.

"தோன் மில்டன், நான் உள்ள வந்துட்டேன். முழங்கைதான் வரமாட்டேங்குது."

"பிளாஸ்க்கை வச்சுட்டு உட்காரு."

"எங்க வைக்க? ஒரு பலகைகூட இல்லியே."

பலகை இல்லாததுதான் அந்த மாடத்தின் அழகு. அதற்காக மில்டன் நான்கு வரைபடங்களைக் கிழித்துப் போட்டிருந்தார்.

"தரையில வை."

"உதைச்சுக் கொட்டிடுவேன். நான் கல்யாணத்துக்கே கோயிலுக்குப் போகாதவன், என்னை எதுக்குப் பாவமன்னிப்புக் கூண்டுல நிறுத்துறீங்க?"

வில்ஸன் சற்று யோசித்தார். பிளாஸ்க்கை இருக்கையில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார். பச்சை விளக்கு எரிந்தது.

ஒரு வாரத்தில் பதினொரு மாடங்களிலும் பதினொரு பிளாஸ்க்குகள் நான் தைத்த திண்டுகளின் மேல் வீற்றிருந்தன. ஊழியர்கள் நடுத்தூணைச் சுற்றி நின்று, ஒரே குடுவையைக் கை மாற்றிக் குடித்தபடி கம்பளி விலை பேசினார்கள். வரைபடத்தில் மில்டன் 'காலி' என்று எழுதியிருந்த இடம் அது. வெந்நீர் வேண்டுமென்றால் மாடத்துக்குப் போய், விளக்கு எரிவதைப் பார்த்து, மெல்லத் தட்டிவிட்டுத்தான் எடுத்தார்கள்.

பரிசோதகர் எலீசா பாரோஸ் வந்தபோது பதினொரு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அவர் தூணருகே நின்றவர்களைக் கம்பளி வாங்க வந்தவர்கள் என்று நினைத்து, நுனிக்காலில் நடந்து, மாடங்களுக்குள் எட்டிப் பார்க்காமல் விளக்குகளை எண்ணி, நூற்றுக்கு நூறு என்று குறித்தார். கையெழுத்துக்காகப் பேனாவைத் திருப்பினார்.

"வாயைத் திறக்காதீங்க," என்று மிர்த்தா கிசுகிசுத்தார்.

மில்டன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுல மனுஷங்க இல்லம்மா. எல்லாம் பிளாஸ்க்" என்றார்.

"உட்கார்ந்து காட்டுங்க," என்றார் பரிசோதகர்.

தன் பிளாஸ்க்கோடு உள்ளே போன மில்டன் சிக்கிக்கொண்டார்.

"பிளாஸ்க்கை விடுங்க, வந்துடலாம்," என்றார் வில்ஸன்.

"விட்டா அளவு தப்பாயிடும். நாடாவை எடு, இப்படியே அள," என்றார் மில்டன் என்னிடம்.

அளந்தேன். அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. அதற்குள் எல்லோரும் மாடத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். வில்ஸன் குடுவையை உள்ளே நீட்ட, மில்டன் நின்றவாக்கிலேயே குடித்துத் திருப்பிக் கொடுத்தார். பரிசோதகரும் ஒரு வாய் குடித்து, கசப்பில் கண்ணை மூடி, "நன்றி" என்றார். நன்றி என்றால் எங்களிடம் போதும் என்று பொருள்; அதன்பின் குடுவை அவரிடம் வரவேயில்லை. அவர் ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார். ஒருவரும் முதுகைப் பிடித்துக்கொள்ளவில்லை என்று குறித்துக்கொண்டார்.

"மாடங்கள் தேறாது. ஆனா தூணைச் சுத்தி இருக்கற இடம் பிரமாதம். அதை வடிவமைச்சது யாரு?"

"உள்ள மாட்டியிருக்காரே, அவர்தான்," என்றார் மிர்த்தா.

"நான் இல்ல. அங்க 'காலி'ன்னு எழுதினேன், அவ்வளவுதான்."

"எழுதினது நீங்கதானே? அப்ப உங்க பேரைத்தான் போடணும்," என்றார் பரிசோதகர்.

"இப்பப் போடாதீங்க. முதல்ல பன்னிரண்டு சென்டிமீட்டரைக் குடுத்துட்டு வர்றேன்."

பரிசோதகர் ஒரு மாதம் தந்தார். எல்லோரையும் பிளாஸ்க்கோடு மறுபடி அளந்தோம். ஒவ்வொரு மாடத்தின் இடப்பக்கத்தையும் பிறைபோல அறுத்தோம். பரிசோதகர் திரும்பி வந்த அன்று பதினொரு பேரும் முழங்கை இடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பதினொரு விளக்குகள் எரிந்தன. அவர் கையெழுத்திட்டார். இரண்டு நிமிடம் அப்படியொரு அமைதி.

"குடுவை யார்கிட்ட இருக்கு?" என்று வில்ஸனின் குரல் கேட்டது.

யாரிடமும் இல்லை. அது தூணடியில் தனியாக இருந்தது. எல்லோரும் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு அதனிடம் போனார்கள்.

பித்தளைத் தகட்டைத் தூணில்தான் பதித்தோம். மில்டன் ரசமட்டம் வைத்து மூன்று முறை பார்த்தார். திருகாணி முடுக்க இரண்டு கை வேண்டுமென்பதால் தன் பிளாஸ்க்கைப் பக்கத்து மாடத்தில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.