ஆனையிறவைத் தாண்டிய வளையம்

பிள்ளைகளே, உங்கள் மாமா வெளிநாட்டில் என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "கரண்ட் வேலை" என்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அரைகுறையாகச் சொல்லிப் பிழையாகிப்போகுமோ என்று பயம். இப்போது எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த நாளில் அவன் எனக்குத் தம்பி. அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் நான் மோட்டார் சுற்றும் கடை வைத்திருந்தேன். தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மோட்டார்கள் எரிந்து வரும். கருகிய கம்பியை இழுத்தெடுத்துவிட்டுப் புதுச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பேன். உங்கள் அம்மாவின் தம்பி பொறியியல் படிப்பை முடித்துவிட்டு எங்களோடு இருந்தான். வேலை இல்லை. ஆமி சுற்றிவளைப்பு என்று யாராவது சத்தம் போட்டால் உங்கள் அம்மா அவனை உள் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவார். அந்த வயதுப் பெடியனை வீட்டில் வைத்திருப்பது நெருப்பை மடியில் வைத்திருப்பது போல. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாகவாவது அவன் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். அவனோ படித்த படிப்போடுதான் போவேன் என்று நின்றான். அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கொழும்பில் ஆட்களைத் தெரிவு செய்ய நேர்முகம் வைத்தது. அவனுக்கும் அழைப்பு வந்தது.

நேர்முகத்தில் அவன் காட்டப்போவதாகச் சொன்னது ஒரு மின்நிலையத்தின் நடுப்பகுதி. சூரியன் எரிகிற மாதிரியான நெருப்பைப் பூமியில் மூட்டி, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுப்பது. அந்த நெருப்பு சுவரில் பட்டால் சுவரும் பழுது, நெருப்பும் அணைந்துவிடும். அதனால் அதைக் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்து வைக்க வேண்டும். வட்டச் சுருள்களை வளையமாக அடுக்கினால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். நெருப்பு மெல்ல மெல்ல வழுகி ஒரு பக்கச் சுவரில் போய் முட்டுமாம். காந்தக் கோடுகள் கயிறு முறுகுவது போல முறுகிக்கொண்டே வளையத்தைச் சுற்றி ஓட வேண்டும். நெருப்புக்குள்ளேயே கரண்ட் ஓட விட்டும் முறுக்கலாம். ஆனால் அது சில வேளை திடீரென்று குழம்பிப்போகும். சுருள்களையே கோணலாகச் செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இந்தக் கோணல் சுருள் வகையைச் சிறிதாகக் கட்ட வேண்டும் என்பதுதான் அவனுடைய பைத்தியம். மற்றவர்கள் சைக்கிள் ரியூப் மாதிரி மெல்லிய, பெரிய வளையமாக வரைந்தார்களாம். அவனுக்கு லொறி ரியூப் மாதிரித் தடித்த, சிறிய வளையம் வேண்டும். சுருள் நெருப்புக்குக் கிட்ட இருந்தால்தான் கோணல் நன்றாகப் பதியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் தடித்த ஓடு ஒன்று வேண்டும். சூட்டை வாங்குவதும், எரிபொருளில் ஒரு பங்கை உண்டாக்குவதும், சுருளைக் காப்பாற்றுவதும் அந்த ஓடுதான். அதன் தடிப்பைக் குறைக்க முடியாது. வளையத்தின் உள்வளைவில் மிக ஒடுங்கிய ஓர் இடம் இருக்கிறது, முழு இயந்திரத்தின் பருமனையும் அந்த இடம்தான் தீர்மானிக்கிறது என்பான். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக் கோப்பையில் விரலால் கீறிக் கீறி அதையே கதைப்பான். சோறு காய்ந்துபோகும்.

தாளில் வரைந்தால் அந்த முறுகல் யாருக்கும் விளங்காது, எனக்கு விளங்கவில்லை. அதனால் கையில் பிடித்துக் காட்ட மாதிரி வளையம் ஒன்று செய்ய வேண்டும் என்றான். கம்பி வலையில் பழைய பத்திரிகைத் தாளையும் மாப்பசையையும் ஒட்டி வளையத்தை அவன் செய்தான். சுருள் என் பொறுப்பு. மோட்டார் சுற்றுகிறவன் கை கம்பியை இழுத்து இறுக்கித்தான் சுற்றும். அப்படிச் சுற்றினால் குழிந்த இடங்களில் கம்பி பதியாமல் குறுக்கே எழும்பி நின்றுவிடுகிறது. அவிழ்த்தேன், சுற்றினேன், மறுபடியும் அவிழ்த்தேன். கடைசியில் மரக்கட்டையில் குழி செதுக்கி, ஒவ்வொரு சுற்றையும் மூங்கில் சிராயால் அமத்தி, பருத்தி நாடாவால் கட்டி, வாணிஷ் பூசிக் காயவிட்டேன். நேர்முகத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் எல்லாச் சுருளும் ஏறிவிட்டன. அவன் வளையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். எனக்கும் சந்தோசம்தான்.

அன்று இணுவில் தோட்டக்காரர் ஒருவர் மோட்டாரை எடுக்க வந்தார். கொழும்பில் இருக்கும் மகனிடம் அடுத்த கிழமை போகவிருந்த மனிதர். மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டு உதென்ன என்று கேட்டார். கொழும்புக்குக் கொண்டுபோகும் மாதிரி என்றான் தம்பி.

"வளையம், செப்புக்கம்பி, சுத்திவரக் கட்டு. உதை ஆனையிறவிலை ஆமிக்காரனுக்கு என்னெண்டு சொல்லப் போறாய் தம்பி? சூரியன் எண்டோ?"

முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கிழமைக் கணக்காக மூன்று பேர் அதோடு மாரடித்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் கடையில் செப்புக்கம்பி என்பது அரிசி மாதிரி. அதைப் பார்த்துக் குண்டு என்று யாரும் பயப்படுவார்கள் என்று யார் நினைத்தது? கொழும்புக்குப் போகும் வழியில் ஆனையிறவுச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்ட வேண்டும். அந்தப் பையோடு போனால் அவன் திரும்பி வரமாட்டான்.

உங்கள் அம்மா அன்று சமைக்கவில்லை. ஏஜென்சிக்காரனிடம் போய்க் கதைக்கச் சொல்லி என்னை அரித்தெடுத்தார். தம்பி வீட்டு வளவுக்குள் நடந்துகொண்டிருந்தான். நான் ஒரு மோட்டாரைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தேன்.

அடுத்த நாள் காலை அம்மா ஒரு பழைய சேலையை எடுத்து, தலையில் பாரம் வைக்கச் சும்மாடு முறுக்குவது போல முறுக்கி, நுனிகளைச் சேர்த்து அவன் முன்னால் வைத்தார். இப்படித்தானே முறுகுகிறது என்று கேட்டார். அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு முகம் மாறிவிட்டது.

"துணிப் பொம்மையோடை போய்ப் பேராசிரியர்மாருக்கு முன்னாலை நிக்கட்டோ, அக்கா?"

"உயிரோடை போய் நில்."

அவன் சேலையை அம்மாவிடமே நீட்டினான். சேலையைத் தைத்து உள்ளே இலவம்பஞ்சு அடைத்தார்கள். எங்கே ஒடுங்க வேண்டும், எங்கே பருக்க வேண்டும் என்று அவன் தொட்டுக் காட்ட, அம்மா ஊசியால் இழுத்து இழுத்துப் பிடித்தார். செப்புச் சுருளுக்குப் பதில் கம்பளி நூல். ஒரே வடிவச் சுருள்களுக்கு ஒரே நிறம். அப்போதுதான் எனக்கே சரியாக விளங்கியது: வளையத்தின் ஒரு பாதியில் இருக்கும் சிவப்புச் சுருளைத் தலைகீழாகப் புரட்டினால் மறு பாதிச் சிவப்புக்கு அச்சொட்டாகப் பொருந்தும். சில வடிவங்களே போதும், அத்தனை சுருளையும் செய்துவிடலாம்.

தோட்டக்காரரும் அவனும் ஒரே பஸ்ஸில் போனார்கள். போன பிறகு ஒரு செய்தியும் இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அம்மா எழும்பி ஓடுவார். நான் ஒரு மோட்டாரைப் பிழையாகச் சுற்றி, அது இரண்டாம் முறையும் எரிந்தது.

தோட்டக்காரர் திரும்பி வந்த அன்று சைக்கிளை நிற்பாட்டும் முன்னரே, "பெடியன் தப்பீட்டான்" என்றார். பிறகுதான் உட்கார்ந்து சொன்னார். ஆனையிறவில் ஆமிக்காரன் வளையத்தைப் பிசைந்து பார்த்தானாம். ஒருவன் தலையில் வைத்துப் பார்த்துச் சிரித்தானாம். மற்றவன் கத்தியால் தையலைக் கிழித்து, பஞ்சைத் தோண்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தானாம். தைக்க ஊசியில்லாமல் பஞ்சு தள்ளிக்கொண்டு நின்ற வளையத்தோடுதான் நேர்முகத்துக்குப் போனானாம்.

"அந்தக் கிழிஞ்ச இடத்தைப் பற்றித்தான் கனக்கக் கேட்டவங்களாம். உள் ஓடு பழுதானால் எப்பிடி எடுக்கிறதெண்டு. இரண்டு சுருளுக்கு நடுவிலை இடைவெளியைக் கூட்டி, இந்தக் கிழிசலாலை எடுக்கிற மாதிரித் துண்டு துண்டாய் இழுக்கலாமெண்டு காட்டினானாம். உங்களிட்டைச் சொல்லச் சொன்னவன். எனக்கொண்டும் விளங்கேல்லை."

அவனைத் தெரிவு செய்துவிட்டார்கள். இன்னொரு தரம் ஆனையிறவைத் தாண்டி வருவது புத்தியில்லை என்று, கொழும்பிலிருந்தே விமானம் ஏறப்போகிறானாம். அம்மா கேட்டது ஒன்றுதான்: அவன் சாப்பிட்டானா என்று.

பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போன பிறகு கடைக் கதவைச் சாத்தினேன். உமிச் சாக்குக்குள் ஒளித்து வைத்திருந்த செப்பு மாதிரியை எடுத்தேன். ஒருவேளை அவன் திரும்பி வந்தால் வேண்டும் என்று அதுவரை கலைக்காமல் வைத்திருந்தேன். நான் சுற்றியவற்றில் கரண்ட் காணாத சுருள்கள் அவை மட்டும்தான். கார் பற்றறியில் கம்பியைத் தொடுத்து, இரண்டு சுருளுக்கு நடுவே ஒரு காந்த ஊசியை வைத்தேன். ஊசி துடித்து, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. கம்பியை எடுத்தேன். பிறகு குறட்டால் முதல் சுருளைக் கட்டியிருந்த நாடாவை வெட்டி, அடுத்து வரும் மோட்டாருக்கு ஆகட்டும் என்று கம்பியை நிமிர்த்தி நிமிர்த்தி மரக்கட்டையில் சுற்றத் தொடங்கினேன்.