சிக்னல் இல்லாத வெள்ளிக்கிழமை

ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கோடை விடுமுறைக்கு இத்தாலி போய்விட்டு வந்தாள். அங்கே அவளுடைய அப்பா வாடகைக்குக் கார் எடுத்தாராம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே போனார்களாம். பசித்த இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டார்களாம். இந்த 'ஆம்' எல்லாம் சேர்ந்து என் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டின. பர் துபாயில் மூன்றாவது மாடியில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு நேர் கீழேயே ஒரு கார் வாடகைக் கடை இருந்தது. படி இறங்கினால் கார். அதை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போக என் அப்பாவுக்கு என்ன கேடு என்று எனக்குப் புரியவேயில்லை.

அப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது. ஐந்து முறை தோற்று ஆறாவது முறை வாங்கியது. அதைப் பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாரே ஒழிய, வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. வாரம் தவறாமல் கேட்பேன். "பார்க்கலாம்" என்பார். அப்பாவின் அகராதியில் அதற்கு 'இல்லை' என்று பொருள்.

மூன்று மாதம் இப்படி நச்சரித்த பிறகு, ஒரு குளிர்காலத்து வியாழக்கிழமை இரவு, அப்பா தானாகவே வந்து சொன்னார்: "நாளைக்குக் காலையில கார் எடுக்கிறோம். மலைப் பக்கம் போறோம். சித்தப்பாவையும் கூட்டிக்கிறோம்."

என் நச்சரிப்பு ஜெயித்துவிட்டது என்று கட்டிலில் ஏறிக் குதித்தேன். தம்பியும் காரணம் தெரியாமல் குதித்தான். வழக்கமாக இந்தச் சத்தத்துக்கு அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அடுப்படியில் நின்று புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இந்நேரத்தில் எதற்கு இவள் குளித்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குமேல் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

எனக்குப் பின்னால்தான் தெரிந்த விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் ஊரில் சித்தி இறந்துபோயிருந்தாள். மஞ்சள் காமாலை. நாலு நாளாகப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தவளைச் சாதாரணக் காய்ச்சல் என்றே சித்தப்பாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம். அதில் அவர்கள் சேர்ந்து இருந்தது ஒரு லீவு, நாற்பத்தைந்து நாள்.

செய்தி முதலில் அப்பாவுக்குத்தான் வந்தது. சித்தப்பா சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர் என்று இருந்தவர். சாரம் கட்டுகிற வேலை. பாஸ்போர்ட் கம்பெனியில். வெள்ளிக்கிழமை ஆபீஸ் கிடையாது. சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்தால் கையில் தருகிறேன் என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டான். ஞாயிறு காலை வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம், முகம் பார்க்க வந்து சேரட்டும் என்று ஊரில் ஒப்புக்கொண்டார்கள். ஆக, நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை முழுசாக இருந்தது. இப்போதே தெரிந்தால், அந்த இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பகல், ஓர் இரவு அவன் என்ன செய்வான் என்பதுதான் அப்பாவின் கவலை. போன வருஷம் அதே கேம்பில் இப்படி ஒரு செய்தி கேட்டவன் நெடுஞ்சாலையில் இறங்கி ஓடியிருக்கிறான். அது அப்பாவின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. சனிக்கிழமை காலை நானே சொல்கிறேன், அதுவரை ஒருவரும் அவனுக்குப் போன் போடக் கூடாது என்று ஊருக்கு உத்தரவு போட்டார். ஆனால் ஊர் வாயை யார் மூட முடியும்? அதனால் போன் எடுக்காத இடமாகப் பார்த்துச் சித்தப்பாவைக் கொண்டுபோய்விடத் தீர்மானித்தார். மஸாஃபி தாண்டி மலைக்குள் நுழைந்தால் சிக்னலே கிடையாது என்று ஆபீஸில் யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள்.

என் இத்தாலிப் பயணம் இப்படித்தான் கிடைத்தது.

ஆறு மணிக்கு கேம்ப் வாசலில் போய் நின்றோம். சின்ன வெள்ளைக் கார். உள்ளே சிகரெட் வாடை. வருவதற்குள் அப்பா ஒரே ரவுண்டபவுட்டை மூன்று தரம் சுற்றியிருந்தார். சித்தப்பா ஏற்கெனவே வாசலில் காத்திருந்தார். நீலச் சட்டை, கையில் உப்பிப் போன ரெக்ஸின் பை.

"எதுக்கு தம்பி ஒரு நாளைக்கு இம்மாம் பெரிய பை?" என்றாள் அம்மா.

"துணி மாத்திக்கிறதுக்கு அண்ணி. தண்ணியிருக்கிற இடம்னு அண்ணன் சொன்னாக."

பின் சீட்டில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக என்னைப் பார்த்ததும் காதைத் திருகி, "என்ன பாப்பா, இங்கிலீஷ்ல ஏதாச்சும் பேசு" என்பவர். அன்று என் தலையில் கையை வைத்தார், எடுக்க மறந்துவிட்டார். ஷார்ஜா தாண்டும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. எனக்குக் கழுத்து வலித்தது.

அப்பா தன் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தபடி ஓட்டினார். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தே எங்களை ஓரங்கட்டினான். "அண்ணே, ரோட்டைப் பாருங்க, நிதானமாப் போகலாம்" என்றார் சித்தப்பா. சிக்னல் கோடு ஒன்று குறைந்தால் அப்பாவின் முகம் தெளியும். திரும்ப ஏறினால் வாடும். எல்லோரும் சிக்னலைத் தேடி மொட்டை மாடி ஏறுவார்கள். அதைத் தொலைப்பதற்காக நூறு கிலோமீட்டர் ஓட்டிய மனிதர் என் அப்பா ஒருவர்தான்.

கார் மணல்மேடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. ஒட்டகங்களைப் பார்த்து அலுத்துவிட்டது. சித்தப்பாவின் போனில் பாம்பு விளையாட்டு உண்டு.

"சித்தப்பா, போன் தாங்க."

"சார்ஜ் இல்ல பாப்பா. செத்துப்போச்சு."

சொல்லிவிட்டு சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சும்மா இருக்கிற பிள்ளையா? மெல்ல அவர் சட்டைப் பையிலிருந்து போனை உருவி, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். உயிர் வந்தது. பேட்டரிக் கோடுகள் முழுசாக இருந்தன. கூடவே டிங் டிங் என்று இரண்டு சத்தம், திரையில் ஒரு குட்டிக் கடித உறை.

"சித்தப்பா பொய் சொல்றாரு! சார்ஜ் ஃபுல்லா இருக்கு. எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஆஃப் பண்ணி வெச்சிருக்காரு!"

அப்பா பிரேக்கில் ஏறி மிதித்தார். கார் மணலில் இறங்கி நின்றது. திரும்பி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அணைத்து, டாஷ்போர்டுக்குள் போட்டு மூடினார். "பெரியவங்க பொருளைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்தினார். அப்பா என்னிடம் அப்படிக் கத்தியதேயில்லை. நான் அழ ஆரம்பித்தேன்.

சித்தப்பா கண்ணைத் திறந்திருந்தார். மூடிய டாஷ்போர்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் பிடரியைப் பார்த்தார். "விடுங்கண்ணே, சின்னப்பிள்ள. போன் அங்கனயே கிடக்கட்டும்" என்றார். என் பக்கம் திரும்பி, "சார்ஜ் இருந்துச்சா பாப்பா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

பச்சைப் பொய் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவுக்கோ, ஆபத்து மயிரிழையில் தப்பியதே என்ற நினைப்புதான். அந்தப் போன் ஏன் அணைந்து கிடந்தது என்று அவர் யோசிக்கவில்லை. பிள்ளையார் காப்பாற்றினார் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஸாஃபி சந்தையில் டீ குடிக்க நிறுத்தினோம். சாலையோரம் வரிசையாகக் கம்பளம், மண்பானை, பழக் கூடை. "ஆவோ பாய், சஸ்தா, சஸ்தா" என்று மலிவு விலை சொல்லிக் கூப்பிட்டார்கள். போன் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. ஆனாலும் புலிப் படம் போட்ட ஒரு போர்வையைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சித்திக்கு இதை வாங்குங்க சித்தப்பா."

அம்மா டீயைக் கையில் கொட்டிக்கொண்டாள். அப்பா பழக்காரனிடம் விலை கேட்கிற பாவனையில் திரும்பிக்கொண்டார். சித்தப்பா போர்வையைத் தொட்டுப் பார்த்தார். கடைக்காரன் அதை விரித்தே காட்டினான்.

"அவளுக்கு எதுவும் வேணாம்னுட்டா பாப்பா."

"போன்ல சொன்னாங்களா?"

"ம்" என்றார்.

மலைக்குள் நுழைந்ததும் அப்பாவின் கைபேசியில் கடைசிக் கோடும் போனது. பெரிய மூச்சு ஒன்று விட்டார். பாறைகளுக்கு நடுவே ஒரு வாடி. மழை பெய்தால் தண்ணீர் ஓடுகிற பள்ளம் அது. முந்தின வாரம் பெய்த மழையில் இடுப்பளவு தேங்கியிருந்தது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா எங்கள் டப்பாக்களைத் திறந்தாள். புளிசோறு, தயிர்சோறு, ஊறுகாய். அவ்வளவுதான். பிக்னிக் வந்து யாராவது தயிர்சோறு தின்பார்களா என்று நான் ஒப்பாரி வைத்தேன். சித்தப்பா ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து தட்டைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

"இதுவே போதும் அண்ணி" என்றார். "நான் குளிச்சுட்டு வந்து சாப்பிடுறேன்."

சட்டையைக் கழற்றாமல், வாட்சைக் கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்கு போட்டார். எழுந்தார். இன்னொன்று. நான் பாறையைப் பிடித்தபடி "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணினேன். மூன்றாவதும் போட்டுவிட்டுக் கரைப் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு சித்தப்பா! போட்டி. யார் ரொம்ப நேரம் மூச்சுப் பிடிக்கிறதுன்னு."

நின்றார். என்னைப் பார்த்தார். "சரி வா" என்றார். இருவரும் ஒன்றாக முழுகினோம். நான் பத்துகூட எண்ணவில்லை, மேலே வந்துவிட்டேன். அவர் வரவில்லை. நீலச் சட்டையின் முதுகு மட்டும் தண்ணீருக்கடியில் குலுங்கிக்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தே விட்டார். ஒருவழியாக மேலே வந்தபோது அவர் கண் இரண்டும் மிளகாய் போலச் சிவந்திருந்தது.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றேன்.

"கண்ணுல தண்ணி போயிருச்சு பாப்பா" என்றார்.

இரவு எங்கள் வீட்டிலேயே படுத்தார். சனிக்கிழமை விடிந்ததும் அப்பா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். சித்தப்பா அப்பாவின் தோளில் விழுந்து, நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதார். எட்டு மணிக்குப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. துணியெல்லாம் பையிலேயே இருந்தது நல்லதாய்ப் போயிற்று, கேம்புக்குப் போகிற வேலை மிச்சம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். மதிய விமானத்தில் போனவர் ஞாயிறு காலை சித்தியின் முகத்தைப் பார்த்தார். நான் அந்த வாரமே 'மகிழ்ச்சியான ஒரு நாள்' என்று பள்ளியில் கட்டுரை எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.

சித்தி விஷயத்தில் அப்பாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த வெள்ளிக்கிழமைதான். "ஒரு நாளாச்சும் அவனைக் கவலையில்லாம வெச்சிருந்தேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா பக்கத்தில் இருந்தால், "ஆமாண்ணே" என்பார்.

அப்பா போன செய்தி வந்தபோது நான் தோஹாவில், நஜ்மா பகுதியில் இருந்தேன். கைபேசியைப் பிடித்தபடி நின்றவளை எதிர் வீட்டு அக்கா குளியலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "உடுத்தின துணியோடவே குளி. தலைக்கு மூணு தரம் ஊத்திக்க. சாவு கேட்டா அப்படித்தான்" என்றாள். முதல் செம்பு ஊற்றினேன். இரண்டாவது ஊற்றினேன். மூன்றாவதைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. நீலச் சட்டை நினைவுக்கு வந்தது. நான் எண்ணியதும்தான். அப்பாவுக்காக அழத் தொடங்கியவள் அன்று இரண்டு பேருக்காக அழுதேன்.

காரியம் முடிந்த மறுநாள் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் தோள் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விடியக்காலம் மூணு மணிக்கே ஊர்ப்பய ஒருத்தன் போன் பண்ணிட்டான் பாப்பா. மலைக்குப் போறோம்னது சாக்கு, ஊருக்குத்தான் அனுப்பப் போறாருன்னு பையைக் கட்டிக்கிட்டு, அண்ணன் வந்ததும் கட்டிப்பிடிச்சு அழணும்னுதான் வாசல்ல நின்னேன். அண்ணன் காரை எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு. வண்டி ஓட்டவே பயப்படுற மனுசன். பின்னால நீங்க ரெண்டு பேரும் கையாட்டுறீங்க. எப்படிச் சொல்றது?"

மூன்று முழுக்கு சித்திக்குப் போட்டது. கணக்கு அதோடு முடிந்துவிட்டது, அவர் கரையேறப் போனார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதரைத் திரும்பக் கூப்பிட்டு, போட்டிக்கு வா என்றேன். நாலாவது எனக்காகப் போட்டார்.