பாதாளக்கரண்டிக்கு வைத்த ஈடு

என் மனைவியின் தங்கையும் அவள் கணவனும் காலராவில் ஒருவர் பின் ஒருவராகப் போனபின், அவர்களுடைய ஏழு வயதுப் பெண் எங்களிடம் வந்தாள். நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீடு. வெகுகாலம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வந்த வருஷமே, யாரும் எதிர்பாராமல், ஒரு மகன் பிறந்தான்.

வீட்டில் ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் எனக்குச் சரிப்படும். மண்வெட்டிக்கு ஒரு மூலை, தாம்புக்கயிற்றுக்கு ஓர் ஆணி. அந்தப் பெண்ணை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. தொட்டால் கடிப்பாள். தலைவாரப் போன என் மனைவியின் மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு இன்றும் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் சுவரில் நெற்றியை மோதிக்கொள்வாள். பிறகு புறக்கடைக் கிணற்றைக் கண்டுகொண்டாள். சொம்பு, உழக்கு, குத்துவிளக்கு, கைக்குக் கிடைத்ததை உள்ளே போடுவாள். விளிம்பில் குந்தி, சத்தம் அடங்கும்வரை கேட்பாள். முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. ஒருநாள் கோழிக்குஞ்சைப் போட்டாள்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். போன பாத்திரத்துக்குப் பதில் புதுப் பித்தளை கிடைக்காது. அதனால் விழுந்ததை எடுக்கப் பக்கத்துத் தோட்டத்தில் பாதாளக்கரண்டி வாங்கி வருவேன். கொக்கிகள் தொங்கும் அந்த இரும்பு வளையத்தை எங்கள் பக்கம் யாரும் சும்மா தருவதில்லை. ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அவளைத் தனியே விட முடியாது என்று கையோடு கூட்டிப் போவேன்.

"உங்க ஊட்டுக் கெணத்துல தண்ணியவிடப் பாத்திரந்தானுங்க சாஸ்தி," என்பாள் அந்த வீட்டுக்காரி. "பேசாம இதை நீங்களே வெச்சுக்கறீங்களா?"

கோழிக்குஞ்சுக்குப் பிறகு என் மனைவி தூளியை விட்டு நகருவதில்லை. எடப்பாடியிலிருந்து வந்த அவள் தம்பி எல்லாவற்றையும் பார்த்தான்.

"இதைக் கட்டிப்போட்டுத்தான் வளத்தோணும், மாமா. நான் கொண்டு போறேன். மாட்டுக் கொட்டாயில தூணு இருக்குது."

விளையாட்டாகச் சொல்லவில்லை. சந்தைக்கு மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனான். நான் மறுக்கவில்லை. "தூண்லயா?" என்று மட்டும் என் மனைவி என்னைக் கேட்டாள்.

வண்டி வரவேண்டிய அன்று காலை எருமை கன்று போட முடியாமல் திணறியது. என் மனைவியையும் துணைக்குக் கூப்பிட்டேன். கன்று விழுந்தபின் கை கழுவ வெளியே வந்தேன். வரப்பின் மேல் அந்தப் பெண் வந்துகொண்டிருந்தாள். தோளில் பாதாளக்கரண்டி. அடிக்கு அடி கொக்கிகள் ஒன்றோடொன்று உரசின. பின்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்தாள்.

"ஏனுங்க, என்ன உளுந்துச்சு? கேட்டா இது வாயே தொறக்க மாட்டீங்குது. ஈடு மட்டும் சரியாக் கொண்டாந்து குடுத்துருச்சு."

உள்ளங்கையை விரித்தாள். என் மகனுக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கு.

ஓடினேன். தூளித் துணியை விலக்கினேன். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"என்னத்தைப் போட்ட?"

"இன்னும் போடல," என்றாள். கரண்டியை இறக்கவில்லை. "உளுந்தா எடுக்கோணுமில்ல, பெரிப்பா," என்றாள்.

என் மனைவி தொழுவ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மதியம் வண்டி வந்தது.

"நீ போ சாமி," என்றாள் தம்பியிடம். "எடுக்கோணும்னு அவளுக்குத் தோணியிருக்குது. அவளை நான் தூண்ல கட்ட உடமாட்டேன்."

அந்தப் பெண் சொன்னதில் எனக்குக் கேட்டது 'இன்னும்' என்ற சொல்தான். ஆனாலும் வண்டி வெறுமனே திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் கிணற்றின் மேல் பனஞ்சட்டங்களைப் பரப்பிப் பூட்டுப் போட்டேன். பாதாளக்கரண்டிக்கும் ஓர் ஆணி அடித்தேன். அவள் கைக்கு எட்டும் உயரத்தில் அடிக்கச் சொன்னது என் மனைவி. கரண்டி எங்களிடமே இருந்துவிட்டது, சங்கு அவர்களிடம். மகனுக்குச் சின்னக் கரண்டியால் பால் கொடுத்தோம்.

தினமும் காலையில் தண்ணீர் சேந்தச் சட்டத்தை விலக்குவேன். எங்கிருந்தாலும் அவள் வந்து விளிம்பில் குந்துவாள். ஒரு கையில் கயிறும் மறு கையில் அவள் சடையும் பிடித்துக்கொண்டு சேந்துவேன்.