பக்கம் முப்பத்தெட்டு

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே பைண்டிங் கடை வைத்திருப்பவளை எல்லாரும் பட்டியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு; அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காகிதம் வெட்டும் மெஷின், பசை டப்பா. இருபத்திரண்டு வருஷமாக மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் அடித்து, அட்டை போட்டுக் கொடுக்கிறாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது அவங்கவங்க தலையெழுத்து என்பாள். கடைசியில் வருகிற துணைநூற்பட்டியலில் மட்டும் ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் விடமாட்டாள்.

"பேர் இருக்கு, வருஷம் எங்க? பதிப்பகம் எங்க? அந்தரத்துலயா அச்சடிச்சாங்க?"

"நெட்ல பார்த்தேன்க்கா."

"மீனை எங்க பிடிச்சேன்னா கடல்லன்னு சொல்ற மாதிரி இருக்கு. எந்த இணையதளம், என்னைக்குப் பார்த்த, அதை எழுது."

டாக்டர் பட்டம் வாங்கப்போகிற மீசைக்காரர்கள்கூட அவள் முன்னால் பூனையாக நிற்பார்கள். ஆனால் பாருங்கள், ஊருக்குத்தான் உபதேசம். அப்பேர்ப்பட்டவள் ஒரு தப்பு செய்திருந்தாள்.

கடை திறந்த புதிதில், மேற்கோள் காட்டும் முறையை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றி, ஒரு மாதிரித் தாளை அடித்துச் சுவரில் ஒட்டினாள். மேலே ஒரு வாக்கியம், கீழே அது வந்த நூலின் விவரம். நிஜப் புத்தகத்தைப் போட்டால் அதையே சுட்டுவிடுவார்கள் என்று, இல்லாத புத்தகம் ஒன்றை உண்டாக்கினாள். ஆசிரியர் இடத்தில் புருஷன் பெயரைப் போட்டாள். அவர் குடிநீர் இலாகாவில் குழாய் ஆய்வாளர். முந்தின வருஷம்தான் மாரடைப்பில் போயிருந்தார். வாக்கியமும் அவர் தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் புலம்பியதுதான்: வடக்குத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாததற்குக் காரணம் வறட்சி அல்ல, குழாயைச் சரிவு மாற்றிப் பதித்ததே. பக்கம் முப்பத்தெட்டு. அது அவர் போன வயது.

புவியியல் மாணவன் ஒருவன் மாதிரியை அப்படியே தன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொண்டான். கட்டி முடித்த பிறகுதான் அவள் கவனித்தாள். பதறிப்போய்த் தாளைக் கிழித்தாள். என்ன பிரயோஜனம்? இரண்டு வருஷம் கழித்து, அந்த ஆய்வேட்டைப் பார்த்து இன்னொருத்தன் எழுதிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை அச்சுக்கு முன்னாலேயே அவள் கண்ணில் பட்டது. வெட்டியிருக்க வேண்டும். புத்தகத்தின் பெயருக்கு முன்னால் அவர் பெயர் எவ்வளவு பாந்தமாக இருந்தது! காற்புள்ளி சரியா என்று பார்த்துவிட்டு, கண்டும் காணாமல் விட்டுவிட்டாள். அப்புறம் அது பாட்டுக்குப் போயிற்று. மொத்தம் பதினொரு ஆய்வேடுகள். உயிரோடு இருந்தபோது அவர் பேச்சை மேலதிகாரி ஒருத்தர்கூடக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பன்னிரண்டாவது ஆய்வேடு அவள் மகளுடையது. ஊர்க் குடிநீரைப் பற்றி முதுகலைக்கு எழுதிக்கொண்டிருந்தவள், அம்மாவிடம் காட்டாமல் தானே டைப் அடித்து, ஒரு மத்தியானம் காகிதக் கட்டோடு கடைக்குள் நுழைந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பழைய ஆய்வேட்டுல பார்த்து எடுத்தேன். அப்பா புத்தகம் எழுதியிருக்காரு, நீ ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!"

அப்பாவின் பெயர் இருந்த வரியைச் சுற்றி, வழிகாட்டிப் பேராசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் குறிப்பு: 'இந்த நூலை நேரில் பார்த்தீர்களா? வெள்ளிக்கிழமை நூலுடன் வரவும். இல்லையேல் ஆய்வேடு ஏற்கப்படாது.'

"லைப்ரரில இல்லம்மா. நம்ம பரண்ல ஒரு பிரதியாவது இருக்கும்ல?"

பட்டியலக்கா பசை டப்பாவை மூடினாள். புருஷன் போனபோது மகளுக்கு ஒரு வயசு. அப்பா என்று அவளிடம் இருந்தது ஒரு போட்டோ. இப்போது ஒரு புத்தகமும். சொல்லாமல் விட்டால் மகளின் பட்டம் போகும். சொன்னால் அப்பா போவார், இரண்டாவது தடவையாக.

"புத்தகம் இல்லடி," என்றாள். "நான்தான் அடிச்சேன்." விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டே ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

மகள் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பிறகு கேட்டாள்: "அப்போ, அப்பா அதைச் சொல்லவே இல்லையா?"

"சொன்னாரே! தின்ன சோறு செரிக்கிற வரைக்கும் சொன்னாரு. எழுதலை, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். படிக்காத நூலை மேற்கோள் காட்டுவது ஆய்வுக்கே துரோகம் என்று பேராசிரியை அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். பதினொன்றில் மூன்றாவது ஆய்வேடு அந்தப் பேராசிரியையுடையதேதான். கட்டிக் கொடுத்தவள் பட்டியலக்கா. வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"எழுதின பதினொரு பேருக்கும் நானே கடுதாசி போட்டுடறேங்க," என்றாள்.

"வேண்டாம்," என்றார் பேராசிரியை அவசரமாக. "நூலகத்துக்கு மட்டும் எழுதுங்க, போதும்."

அதற்கப்புறம் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. புத்தகத்தை எடுத்துவிட வேண்டும். கணவர் சொன்னதை மனைவி காதால் கேட்டது உண்மையென்றால், அதை நேர்காணலாகப் போடலாம்: யார் சொன்னது, யாரிடம், எந்தத் தேதியில். திருத்திக் கொடுக்கப் பத்து நாள் அவகாசம்.

கடைக்கு வந்து அந்த வரியை அவளே அழித்தாள். ஒரு பட்டனை அழுத்தியதோடு சரி. அந்த இடத்தில், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பட்டியலில் தன் பெயரை அடித்தாள். நேர்காணல்.

"பக்க எண் என்னம்மா?"

"பேச்சுக்கு ஏதுடி பக்கம்?"

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தாள். "அப்பா வேற என்னல்லாம் சொல்வாரு?"

இத்தனை வருஷத்தில் மகள் அதைக் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. கவுண்டரில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நாளைக்கு வாங்க என்று அவர்களை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். 

"முதல்ல தேதியைப் போடு," என்றாள். "சொல்றேன்."