மூணுக்கு மூணு

எங்கள் ஆய்வுக்கூடத்தின் எலி அறையைப் பதினான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவரை எலியக்கா என்றே அழைத்தோம். கூண்டு கழுவி, தீனி வைத்து, எலிகளை எடை போட்டு என்னிடம் சொல்வார். நான் பதிவேட்டில் எழுதுவேன். "பதினெட்டரை கிராம். நேத்து சரியா சாப்பிடல" என்பார். எடையை மட்டும் எழுதிக்கொள்வேன்.

அந்த ஆண்டு ஓர் ஆராய்ச்சி மாணவி, தடுப்பூசி போட்ட எலிகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் கிருமியைப் பற்றும் பிடி வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவந்தாள். யூரியாக் கரைசலில் அலசினால் இளம்பிடி கழன்றுவிடும்; முதிர்ந்த பிடி நிற்கும். ஐந்தாம் கூண்டில் இரண்டாம் வாரம் நூற்றுக்கு இருபது நின்றது. ஆறாம் வாரம் நாற்பத்தெட்டு. போகப்போக உடும்புப்பிடி ஆகிவிடும் என்று அவள் விளக்க, எலிக்கு ஏதும்மா உடும்புப்பிடி என்று எலியக்கா சிரித்தார்.

பன்னிரண்டாம் வாரம் அக்கூண்டின் ஆறு எலிகளில் ஐந்துக்கு எழுபதை ஒட்டி வந்தது. மூன்றாம் எண்ணுக்கு மட்டும் இருபத்தொன்று. பத்து வாரம் பிந்தி ஊசி போட்ட எட்டாம் கூண்டிலோ, மூன்றாம் எண் எழுபத்தொன்று காட்டியது. மாணவி ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களை மாற்றிவிட்டாள், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கட்டும் என்றார் இயக்குநர். மூன்று மாத உழைப்பு போயிற்று.

எலியக்காவை வேலையில் நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த வாரம்தான் இயக்குநரின் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்திருந்தது. அது அக்காவுக்கும் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு நேரே இயக்குநரின் அறைக்குள் போனார். நான் பதிவேட்டோடு அங்கே நின்றிருந்தேன்.

"பாப்பா மேல தப்பில்ல சார். நான்தான் மாத்தினேன். அஞ்சாம் கூண்டுல மத்ததெல்லாம் சேர்ந்து மூணாம் நம்பரோட மீசையைப் பிடுங்கிடுச்சுங்க. மொட்டை மூஞ்சியோட மூலையில உக்காந்திருந்துச்சு. மனசு கேக்கல. போன வாரம் எட்டாம் கூண்டுல விட்டுட்டு, அங்க இருந்த மூணாம் நம்பரை இங்க போட்டேன். மூணுக்கு மூணு, நம்பருக்காகப் போட்ட காது ஓட்டையும் ஒண்ணுதான். ரெண்டும் ஊசி போட்டதுதானேன்னு நெனச்சேன்."

இயக்குநர் எழுந்து போய் எட்டாம் கூண்டைத் திறந்து பார்த்தார். மூன்றாம் எண்ணுக்கு மீசை பாதிதான் முளைத்திருந்தது.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அதோட ரத்தம் சொல்லிடுச்சும்மா," என்றார்.

மாணவியின் கணக்கு அப்படியே நின்றது. இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதினால் போதுமாக இருந்தது. எலியக்காவின் உத்தரவு மட்டும் இரண்டு மாதம் ஒன்பது நாள் இழுத்தடித்துக் கையெழுத்தானது.

பதிவேட்டில் அன்றே புதிய பத்தி ஒன்றுக்குக் கோடு போட்டேன்: இடமாற்றம், காரணம். முதல் வரி, ‘மீசை போனது’. மறுநாள் எடை சொல்லும்போது, யார் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிக்கொண்டேன்.